ஸ்கார்லட்டி சொனாட்டாவ வாலப் புடிச்சு படிக்கது எப்படி

கோயில்ல கீபோர்டு வாசிக்கவங்க, வீட்டுல ஒரு 61 கீ கேஸியோவோ யமஹாவோ வாங்கி போட்டு துணி மூடி வெச்சிருக்கவங்க, கிரேடு எக்ஸாமுக்கு பீஸ் தேடுத பிள்ளைங்க, இவங்களுக்காக எழுதுதேன். நான் ஒண்ணும் பெரிய வித்வான் கிடையாது, நாங்குநேரி பக்கம் ஒரு கிராமத்து கோயில்ல ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பாமாலையும் கீர்த்தனையும் வாசிக்க ஆளு, ஆனா ஸ்கார்லட்டி கோட்டி புடிச்சு பல வருஷம் ஆச்சு. எல்லாத்தையும் தப்பா படிச்சுட்டு பெறவு திருத்திக்கிட்டவன்ங்கதால எங்கெங்க சறுக்கும்னு கொஞ்சம் தெரியும்.

ஆளு யாருன்னு முதல்ல சுருக்கமா சொல்லிருதேன். டொமெனிகோ ஸ்கார்லட்டி, 1685ல நேப்பிள்ஸ்ல பொறந்தவர், அதே வருஷம்தான் பெரிய இசை மேதைங்க ஜே.எஸ். பாக் (Bach), ஹேண்டல் ரெண்டு பேரும் பொறந்தாங்க, என்ன வருஷமோ அது. இவரு அப்பா அலெஸ்ஸாண்ட்ரோ பெரிய ஆப்பரா காரர். மவன் போர்ச்சுகல் போயி அங்க ராசா மக மரியா பார்பராவுக்கு வாத்தியாரா ஆயி, 1729ல அந்தப் பிள்ளைக்கு ஸ்பெயின் இளவரசரோட கல்யாணம் ஆனப்ப கூடவே ஸ்பெயினுக்கு போயி, 1757ல மாட்ரிட்ல சாகுத வரைக்கும் அங்கனயே இருந்துட்டார். நமக்கு கெடச்சிருக்க சொனாட்டா 555. சொந்தக் கையெழுத்துல ஒண்ணு கூட மிஞ்சல, பெரும்பாலும் அரண்மனைக்காக படி எடுத்து வெச்சதுல இருந்து வந்ததுதான். கே 32, கே 380ன்னு நம்பர் போட்டிருக்கும்லா, அந்த கே வந்து கிர்க்பாட்ரிக்னு ஒரு அமெரிக்க ஹார்ப்ஸிகார்ட் (பியானோவுக்கு முந்தின கீபோர்டு வாத்தியம்) காரர், அவரு 1953ல புஸ்தகம் போட்டு எண் கொடுத்தார். எல்னு போட்டிருந்தா அது அவருக்கு முந்தி பதிப்பு போட்ட லோங்கோங்கவரோட நம்பர், அந்த லோங்கோவ பத்தி கீழ ஒரு சண்டை இருக்கு, வாரேன்.

சொனாட்டான்ன உடனே பீத்தோவன் மாதிரி மூணு பாகம் நாலு பாகம்னு நெனைக்காதீங்க. இங்க ஒரே பாகம், பாதிக்குமேல மூணுல இருந்து ஆறு நிமிஷத்துல முடிஞ்சிரும். நடுவுல ஒரு ரெட்டைக் கோடு, அதுக்கு ரெண்டு பக்கமும் புள்ளி, அப்படின்னா முதல் பாதிய ரெண்டு தடவ, ரெண்டாம் பாதிய ரெண்டு தடவ. அம்புட்டுதான் மேப்பு. திருநெல்வேலியில கெளம்பி ஆலங்குளம் வழியா தென்காசி போறீங்க, அது முதல் பாதி, வீட்டு ஸ்கேல்ல இருந்து வேற ஸ்கேலுக்கு போயி அங்க இறங்கிருதீங்க. ரெண்டாம் பாதியில திரும்பி வாரீங்க, ஆனா அதே ரோட்டுல இல்ல, கடையம், அம்பை, சேரன்மாதேவின்னு சுத்தி, வழியில எங்கெங்கயோ மைனர்லயெல்லாம் நொழஞ்சு வந்து, கடைசியா ஊருக்குள்ள. விஷயம் எங்க இருக்குன்னா, தென்காசியில பஸ்ஸு விட்டு இறங்குன உடனே என்ன பண்ணுனீங்களோ, பைய கீழ வெச்சு, முகத்த தொடச்சு, ஒரு டீ, அதையே அச்சு மாறாம ஊருல இறங்குனதும் பண்ணுவீங்க. ரெண்டு பாதியோட கடைசியும் ஒண்ணுபோல இருக்கும், ஸ்கேல் மட்டும் வேற.

அதனாலதான் சொல்லுதேன், முதல் பார்ல (பாருன்னா நோட்ஸ்ல ரெண்டு நெட்டுக் கோட்டுக்கு நடுவுல இருக்க கட்டம்) இருந்து ஆரம்பிக்காதீங்க. வாலப் புடிங்க.

எப்படின்னா, நோட்ஸ ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க, ஒரிஜினல்ல கிறுக்கவேண்டாம். ஒரு பென்சில். ரெட்டைக் கோட்டுக்கு முன்னால இருக்க கடைசி பாரையும், பீஸோட கடைசி பாரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. ஒண்ணுபோல இருக்கா, டிக். அதுக்கு முந்தின பாரு ரெண்டையும் பாருங்க, டிக். இப்படி பின்னாடியே நடந்து வாங்க, எங்க வந்து ரெண்டும் ஒத்துப்போகாம பிரியுதோ அங்க ஒரு கோடு போடுங்க. கிர்க்பாட்ரிக் இந்த இடத்துக்கு க்ரக்ஸ்னு பேரு வெச்சாரு, நான் முடிச்சுன்னு சொல்லுவேன். முடிச்சுக்கு அந்தப் பக்கம் முழுக்க ஒரே பாடம், ரெண்டு ஸ்கேல்ல. அத முதல்ல படிச்சா பாதி பீஸு கையில வந்தாச்சு, அதுக்கும் மேல, வாசிக்கும்போது நாம தெரியாத இடத்துல இருந்து தெரிஞ்ச இடத்துக்கு போயிட்டு இருப்போம், பயம் கொறையும். நம்ம ஆளுங்க எல்லாரும் பண்ணுதது என்னன்னா முதல் எட்டு பாரு அருமையா இருக்கும், வெளுத்து வாங்குவாங்க, போகப்போக நடுக்கம், கடைசியில தட்டுத்தடுமாறி முடிப்பாங்க. கேக்கவன் ஞாபகத்துல நிக்கது கடைசிதான்.

எந்த பீஸ எடுக்கலாம்னா, கே 32ம் கே 34ம் சின்னது, மெதுவானது, ரெண்டும் டி மைனர், கை சூடு பண்ணிக்க அது போதும். அதுக்குப் பெறவு நேரா கே 380, ஈ மேஜர், மூணு பீட்டு. நாலு ஷார்ப்ப பாத்துட்டு ஓடிராதீங்க. தங்கச்சி மவன் ஒருத்தன் பாளையில காலேஜ் படிக்கான், லீவுல வந்து உக்காந்தவன் முதல் வேலையா ட்ரான்ஸ்போஸ் பட்டன்ல நாலு ஏத்தி வெச்சுட்டு சி மேஜர்ல வாசிக்கலாமே மாமான்னான். ஏலே, கோயில்ல பாட்டுக்காரங்க ஸ்கேல மாத்துனா நீ பட்டன அமுக்கு, ஒண்ணும் சொல்லல, இங்க வேண்டாம். கறுப்பு கீ மேல நீள விரலு ரெண்டும் மூணும் உக்காரும், கட்டவிரலு வெள்ளையில கெடக்கும், ஈ மேஜர்ல கை தானா அப்படித்தான் வளையும். சி மேஜர்ல எல்லா கீயும் ஒரே மட்டம், பாக்கத்தான் லேசு, ஓடும்போது விரலு ஒண்ணோட ஒண்ணு மோதும். ரெண்டு நாள் மொனங்குனான், மூணாம் நாள் அவனே ஒத்துக்கிட்டான்.

கே 380ல முதல் பாதி பி மேஜர்ல போயி முடியும், ரெண்டாம் பாதி ஈ மேஜர்ல. நீங்க பஸ்ஸுல எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன அடையாளம் இருக்கு, ஏ. வீட்டு ஸ்கேல்ல ஏ வெறும் ஏதான், பி மேஜருக்கு போகணும்னா அது ஏ ஷார்ப் ஆகியே தீரணும். ஜெராக்ஸ்ல ஏ ஷார்ப் எங்கெல்லாம் வருதோ ஒரு வட்டம் போட்டு பாருங்க, முதல் பாதியில அந்த வட்டம் எந்த இடத்துல இருந்து நெருக்கமா வர ஆரம்பிக்கோ அங்க ஊர விட்டாச்சு. கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு, மைனர் பீஸுகள்ல இன்னும் லேசா பிடிபடும், டி மைனர்ல இருந்து எஃப் மேஜருக்கு போறது கிட்டத்தட்ட கிரகபேதம்தான், நடபைரவியோட காந்தாரத்த சட்ஜமா வெச்சா சங்கராபரணம் வருதுல்லா, அதே கத. டி மைனர்ல முடியுத இடத்துல சி ஷார்ப் எட்டிப் பாத்தா கீரவாணி வாடை அடிக்கும். இன்னும் சில பீஸுல தோடி மாதிரி ஒரு சாயல் சட்டுனு வந்துட்டு போவும், அது ஸ்பெயின் நாட்டு தெருப்பாட்டு சாயல், அரண்மனைக்குள்ள உக்காந்துகிட்டு மனுசன் வெளியில கிட்டார் அடிக்கவன் பாட்டத்தான் கேட்டுட்டு இருந்திருக்கார்.

இப்ப கீபோர்டு செட்டிங். இதுல நான் பட்ட அவமானம் ஒண்ணு உண்டு. பாளையில ஒரு கல்யாண ரிசப்ஷன், சாப்பாட்டு நேரத்துல சும்மா பேக்ரவுண்டுக்கு வாசிங்கன்னாங்க, நானும் பியானோ டோன், அதுக்கு மேல ஸ்ட்ரிங்ஸ் லேயர், கால்ல சஸ்டைன் பெடல், ஹால் ரிவெர்ப், எல்லாத்தையும் அள்ளிப் போட்டு கே 380ய ஆரம்பிச்சேன். நாலு பாரு தாண்டல, எல்லா நோட்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கொழஞ்சு, கொதிக்க சாம்பார்ல ரசத்த ஊத்துன மாதிரி ஆயிட்டு. பதட்டத்துல முழங்கை ஸ்டார்ட் பட்டன்ல பட்டு வால்ட்ஸ் ட்ரம்ஸ் வேற கெளம்பிட்டு. முன் வரிசையில இருந்த ஒரு அண்ணாச்சி, தம்பி இப்பதான் சூடு புடிக்கு நிப்பாட்டாதீங்கன்னாரு. சவத்த, அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதனால, சஸ்டைன் ஆஃப், பெடல புடுங்கி கட்டிலுக்கு அடியில போடுங்க. லேயர் ஆஃப், ரிவெர்ப் கடைசி அளவுக்கு கொறச்சு, ஸ்டைல் பட்டன் பக்கம் கை போகாத மாதிரி ஒரு துண்ட மடிச்சு போட்டுக்கோங்க. டோன்ல ஹார்ப்ஸிகார்ட் எப்படியும் இருக்கும், அத எடுங்க, டச் ரெஸ்பான்ஸையும் ஆஃப் பண்ணுங்க. ஏன்னா ஹார்ப்ஸிகார்ட்ல கம்பிய சுத்தியல் அடிக்காது, பறவை இறகு தண்டுல செஞ்ச ஒரு சின்ன நகம் கம்பிய சுண்டும், நீங்க மெல்ல அமுக்குனாலும் ஓங்கி அமுக்குனாலும் சத்தம் ஒரே அளவுதான். விரல எடுத்த நிமிஷம் துணி வந்து கம்பிய அமத்திரும். அப்போ வாசிக்கவன் கையில மிஞ்சுதது ரெண்டே ரெண்டு, எப்ப தொடுதோம், எப்ப விடுதோம். நாமெல்லாம் தொடுததுலதான் கவனம் வெப்போம், விடுததுல வெக்க மாட்டோம், ஆனா ஸ்கார்லட்டி பூரா விடுததுலதான் இருக்கு. ஒரு வாரம் இந்த டோன்ல பழகிட்டு அப்புறம் பியானோ டோனுக்கு வாங்க, விரல் சுத்தமாயிருக்கும், வித்தியாசம் உங்களுக்கே கேக்கும்.

பாமாலை வாசிச்ச கைக்கு இங்க இன்னொரு கஷ்டம் வரும். நமக்கு நாலு பார்ட்டு பழக்கம், சொப்ரானோ ஆல்டோ டெனர் பேஸ்னு எப்பவும் கை நெறய நோட்டு இருக்கும். இங்க நெறய இடத்துல வலது கைக்கு ஒரு கோடு, இடது கைக்கு ஒரு கோடு, அவ்ளோதான். மருமவன் கேட்டான், என்ன மாமா எலும்பும் தோலுமா இருக்கு, நடுவுல கார்டு (நாலஞ்சு நோட்ட ஒண்ணா அமுக்குதது) போட்டுக்கட்டுமான்னு. போட்டுக்காத. மெலிசா இருக்கதாலதான் திடீர்னு அஞ்சாறு நோட்ட ஒண்ணா அமுக்குத இடம் வரும்போது தூக்கி வாரிப் போடும். அந்த இடங்கள்ல பாத்தா கார்டுக்குள்ள அதுக்கு சம்பந்தமே இல்லாத பக்கத்து நோட்டும் சேந்து கெடக்கும், தெரியாம கை பட்டுட்ட மாதிரி, அச்சாக்கத்தூரான்னு பேரு. கே 141ல இடது கைய கேட்டு பாருங்க, கிட்டார்க்காரன் கம்பிய மொத்தமா வழிச்சு அடிக்க மாதிரியே இருக்கும். அது பிரிண்டிங் மிஸ்டேக் கிடையாது, அழுத்தி வாசிங்க.

இங்கதான் லோங்கோ சண்டை. நெட்ல சும்மா கெடைக்க பழைய பதிப்புல பாதி லோங்கோவோடது, 1900கள் ஆரம்பத்துல போட்டது. அனேகமா மொத்தத்தையும் தேடி எடுத்து அச்சுல கொண்டுவந்த புண்ணியம் அவருக்கு உண்டு, அத மறுக்கல, ஆனா மனுசனுக்கு அந்த கரடுமுரடு நோட்டெல்லாம் தப்புன்னு பட்டிருக்கு, அங்கங்க திருத்திட்டார். பத்தாததுக்கு மெல்ல, ஓங்கி, போகப்போக சத்தம் கூட்டுன்னு குறியெல்லாம் அவரே போட்டு வெச்சிருக்கார். பழைய கையெழுத்துப் படியில அந்த மாதிரி குறி அனேகமா கிடையாது. அதனால அந்த பதிப்புதான் கைக்கு வந்துன்னா சத்தக் குறியையும், நோட்டுகள சேத்து வாசிக்க சொல்லுத ஸ்லர் வளைகோட்டையும் யோசனையா மட்டும் எடுத்துக்கோங்க, கட்டளையா எடுக்காதீங்க.

ட்ரில், அதாவது பக்கத்து பக்கத்து ரெண்டு நோட்ட மாத்தி மாத்தி வேகமா வாசிக்கது, அத எப்படி போடுததுன்னு ஒரு இடத்த கிட்டத்துல பாப்போம். ஈ மேல ட்ரில் குறி இருக்குன்னு வைங்க. நம்ம கை தானா ஈயில இருந்து ஆரம்பிக்கும், ஈ எஃப் ஷார்ப் ஈ எஃப் ஷார்ப்னு. அப்படி இல்ல, இந்த காலத்து ட்ரில்லு பெரும்பாலும் மேல் நோட்டுல இருந்து எறங்கும், எஃப் ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஈ. வலது கை மூணாம் விரல் எஃப் ஷார்ப்ல, ரெண்டாம் விரல் ஈயில. அந்த முதல் எஃப் ஷார்ப்பு, இடது கை பீட்டு மேல நச்சுன்னு விழணும், பீட்டுக்கு முன்னாடியே அவசரப்பட்டு நொழஞ்சிரக்கூடாது, அப்பதான் கீழ இருக்க நோட்டோட அது ஒரு செகண்டு உரசி பெறவு சமாதானம் ஆவும், அந்த உரசலுக்காகத்தான் ட்ரில்லே. ஆரம்பத்துல நாலே நோட்டு, எண்ணி, மெதுவா. வேகம் வந்த பெறவு ஆறோ எட்டோ உங்க இஷ்டம். இத கமகம்னு நெனச்சு அசைக்கப் பாக்காதீங்க, கீபோர்டுல ரெண்டு நோட்டுக்கு நடுவுல ஒண்ணும் கிடையாது, ரெண்டு படிதான் இருக்கு, ஏறி எறங்குங்க. பங்குனி சித்திரையில விரல் வேர்த்து பிளாஸ்டிக் கீ வழுக்கும், பக்கத்துல ஒரு கைக்குட்ட வெச்சுக்கோங்க, பவுடர் போடாதீங்க, நான் போட்டு கீக்கு இடுக்குல எறங்கி ரெண்டு கீ மக்கர் பண்ணி சர்வீஸுக்கு செலவழிச்சதுதான் மிச்சம்.

அடுத்தது, சொன்னதையே சொல்லுதது. ஸ்கார்லட்டி ஒரு சின்ன வரிய சொல்லுவாரு, உடனே அதையே இன்னொரு தடவ சொல்லுவாரு, சில நேரம் மூணாவது தடவையும். புதுசா படிக்கவங்களுக்கு இது எரிச்சலா இருக்கும், ஏன் இந்த ஆளு அரைச்ச மாவையே அரைக்காருன்னு. கோயில் கொடையில வில்லுப்பாட்டு கேட்டிருப்பீங்கல்லா, அண்ணாவி ஒரு அடி பாடுவாரு, பக்கத்துல குடம் அடிக்கவரும் உடுக்கு அடிக்கவரும் ஆமான்னு அதையே வாங்கிப் பாடுவாங்க, வரி ஒண்ணுதான், ஆனா ரெண்டாவது குரல் வேற. அப்படி வாசிங்க. முதல் தடவ அண்ணாவி, ரெண்டாவது தடவ ஆமா போடுதவங்க. ஹார்ப்ஸிகார்ட் டோன்ல சத்தத்த கொறைக்க முடியாதுல்லா, அதனால ரெண்டாவது தடவ நோட்ட இன்னும் குட்டையா வெட்டி விடுங்க, இல்லன்னா ஆரம்பிக்கதுக்கு முந்தி ஒரு இம்மி மூச்சு விடுங்க. கே 380ல கொம்பு ஊதுத மாதிரி ஒரு தாளம் திரும்ப திரும்ப வரும், தூரத்துல ஊர்வலம் வாரதும் பக்கத்துல வாரதும் மாதிரி, அத நூல் புடிச்ச மாதிரி ஒரே அளவுல வாசிச்சா செத்துரும்.

அப்புறம் திடீர்னு நிப்பாட்டுவாரு. ஓடிட்டே இருந்த பாட்டு டக்குனு நிக்கும், ஒரு பாரு ஒண்ணுமே இருக்காது, பெறவு வேற ஏதோ ஸ்கேல்ல ஒண்ணும் தெரியாத மாதிரி ஆரம்பிக்கும். அந்த சும்மா இருக்க இடத்த முழுசா எண்ணுங்க. நாம ஆளு, கை சும்மா இருந்தா கூச்சம், சீக்கிரம் அடுத்ததுக்கு தாவிருவோம். வில்லுப்பாட்டுல கத உச்சத்துல அண்ணாவி பாட்ட நிறுத்திட்டு வெத்தலைய எடுத்து மடிக்கும்போது பந்தல் மொத்தமும் வாயப் பொளந்துட்டு இருக்கும்லா, அந்த அமைதி.

ஒரே நோட்ட படபடன்னு அடிக்க இடம், கே 141 பூரா அதுதான், இத கேட்டுட்டு வந்து முதல் நாளே ஆரம்பிக்காதீங்க. அதுக்கு ஒரே விரல வெச்சு தட்டுனா மணிக்கட்டு போயிரும், மூணு ரெண்டு ஒண்ணு, மூணு ரெண்டு ஒண்ணுன்னு விரல மாத்தி மாத்தி கீய சொரண்டுத மாதிரி உள்பக்கமா இழுக்கணும். நாதஸ்வரத்துல துத்துகாரம் போடும்போது நாக்கு என்ன பண்ணுதோ அந்த வேலைய இங்க விரல் பண்ணுது. விலை கொறஞ்ச கீபோர்டுல கீ முழுசா மேல வந்தாத்தான் மறுபடி சத்தம் வரும், அதனால நோட்டு விழுங்கும், உங்க தப்பு இல்ல. கை மேல கை தாண்டுத பீஸும் நெறய இருக்கு, கே 27 மாதிரி, பின்னாடி உடம்பு பெருத்துட்டதால தாண்டுதத விட்டுட்டாருன்னு அவர பத்தி ஒரு பழைய கதை கூட உண்டு, நம்பலாமா வேண்டாமான்னு உங்க இஷ்டம். 61 கீயில சில பிந்தைய பீஸுகளுக்கு இடது பக்கம் கீ பத்தாது, அந்த ஒண்ணு ரெண்டு நோட்ட மட்டும் ஒரு ஆக்டேவ் தூக்கி வாசிங்க, யாரும் கேஸ் போட மாட்டாங்க.

வேகம் எவ்வளவுன்னா, கே 380 மேல ஆண்டாந்தே கொம்மோதோன்னு இருக்கும், அவசரமில்லாம சௌகரியமா நடக்கதுன்னு வைங்க. மெட்ரோனோம் (பீட்டு தட்டிக் காட்டுதது) ஆப்புல 50ல ஆரம்பிச்சு, தினம் அரை மணி நேரம், முத வாரம் வால் மட்டும், அதுவும் தனித்தனி கை. இடது கைய மட்டும் தனியா வாசிச்சு அதுவே ஒரு பாட்டு மாதிரி கேக்குதான்னு பாருங்க, அது சும்மா பேஸ் கிடையாது. ரெண்டாம் வாரம் ரெண்டு கையும் சேத்து ரெண்டு ஸ்கேல்லயும் வால். மூணாம் வாரம் முடிச்சுக்கு முன்னாடி இருக்கத பின்னாடி இருந்து நாலு நாலு பாரா சேத்துக்கிட்டே வாங்க, தலை கடைசியாத்தான் வரும். என் காதுக்கு 90 பக்கத்துல நிறுத்துனா போதும், அதுக்கு மேல போனா கொம்பு சத்தம் குதிரை ஓட்டம் ஆயிருது.

கேக்கதுக்கு ரெண்டு பேர சொல்லுதேன். ஸ்காட் ராஸ், 1984, 85ல 555ஐயும் ஹார்ப்ஸிகார்ட்ல உக்காந்து பதிவு பண்ணுன ஆளு. இன்னொருத்தர் ஹோரோவிட்ஸ், பியானோவுல. ரெண்டு பேரு கே 380யும் பக்கத்துல பக்கத்துல கேளுங்க. ஹோரோவிட்ஸ் சத்தத்த கூட்டி கொறச்சு பண்ணுதத ராஸ் நேரத்த இழுத்து விட்டு பண்ணுவார். எனக்கு ராஸ்தான், மருமவனுக்கு ஹோரோவிட்ஸ், அதுல எங்களுக்குள்ள இன்னும் முடியல. ஆனா சொந்தமா வால் கையில வார வரைக்கும் ரெண்டையும் கேக்காதீங்க, கேட்டா அவங்க வேகம் வந்து மண்டையில உக்காந்துக்கிடும்.

ரிப்பீட்ட முழுங்காதீங்க. 1738ல அவரு அச்சுல போட்ட 30 பீஸுக்கு வெச்ச பேரே பயிற்சிகள்தான், முன்னுரையில இதுல பெரிய படிப்ப எதிர்பாக்காதீங்க, கலைய வெச்சு ஒரு கெட்டிக்கார வெளையாட்டுன்னு வாசகருக்கு சொல்லிட்டு, சந்தோசமா இருங்கன்னு முடிச்சிருப்பாரு. ரெண்டாவது தடவ வாசிக்கும்போதுதான் வெளையாட இடம், ஒரு ட்ரில்ல கூட்டலாம், ஒரு மூச்ச நீட்டலாம், வாலுல மட்டும் ஒண்ணும் மாத்தாம நேரா வந்து இறங்குங்க.

போன்ல ரெக்கார்டு பண்ணும்போது கீபோர்டு மேல வெக்காதீங்க, கீ தட்டுத சத்தம்தான் விழும், எதிர்ல ஒரு ஸ்டூல்ல வைங்க. ரெக்கார்டு பண்ணுனத முழுசா கேக்காம, முதல் பாதி வாலையும் ரெண்டாம் பாதி வாலையும் மட்டும் அடுத்தடுத்து கேளுங்க. ஒரே ஆளு ஒரே டீய ரெண்டு ஊருல குடிச்ச மாதிரி இருந்தா கே 381 எடுங்க, அதுவும் ஈ மேஜர்தான், பழைய படியில ரெண்டும் அடுத்தடுத்து ஜோடியாத்தான் கெடக்கு.